அமுக்கிப் பிடிங்க, விட்ராதீங்க

டூவீலர் ரிப்பேர் தொழிலில் முக்கால்வாசி வேலையை ஒற்றை ஆளாகவே செய்துவிடலாம். பிரேக் ஆயில் மாற்றுவதற்கு மட்டும் இன்னொரு கை வேண்டும்.

நான் கீழே சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்து, ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மேலே ஒருவர் நின்று பிரேக் லீவரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அவர் அமுக்க அமுக்க, பழைய ஆயிலும் உள்ளே மாட்டிக்கொண்ட காற்றும் ட்யூப் வழியாக வெளியே வரும். நான் சொல்லும் முன்னால் அவர் கையை விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பெரிய சர்வீஸ் சென்டர்களில் இதற்கு மிஷின் வைத்திருக்கிறார்கள். வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே தகரம் போட்ட என் கடையில் மிஷினும் இல்லை, கூட ஆளும் இல்லை. அதனால் வண்டிக்காரரையே பிடிக்கச் சொல்வேன். கை லீவரில் மாட்டிக்கொண்டால் போனைப் பார்க்க முடியாது. வேறு வழியில்லாமல் மனிதர்கள் பேச ஆரம்பிப்பார்கள்.

பல் டாக்டராக இருங்கள், எலக்ட்ரீசியனாக இருங்கள், சொன்னால் கேட்காத ஜனங்களிடம் தொழில் செய்கிற யாராக இருந்தாலும் சரி, இந்த ஸ்டூலில் உட்காருங்கள். இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

எண்ணெய்ன்னா எண்ணெய்தானுங்களே

குமரேசன் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மிஷின் மெக்கானிக். ஓவர்லாக், பேட்லாக் என்று எந்த மிஷின் நின்றாலும் அவர் போய்த் தொட்டால் ஓடும். ஒரு நாள் தன் வண்டியின் ஹேண்டில்பாரில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்திருக்கிறார். அளவு கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. கம்பெனியில் கேன் கேனாக மிஷின் ஆயில் இருக்கிறதே, பார்க்கத் தண்ணீர் மாதிரி சுத்தமாக வேறு இருக்கிறதே என்று அதையே ஊற்றி மூடியைப் போட்டுவிட்டார். அதற்கப்புறம் சில நாள் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சில நாள்தான் ஆபத்து. மிஷின் ஆயில் பட்டால் பிரேக்குக்குள் இருக்கும் ரப்பரெல்லாம் ஊதிப்போகும். ஊதிய ரப்பர் பிடித்த பிரேக்கை விடாது.

சம்சாரத்தையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு போகும்போது, நாலு ரோட்டில் முன்சக்கரம் அப்படியே இறுகிக்கொண்டது. மூவரும் விழுந்தார்கள். பின்னால் வந்த பஸ் டிரைவர் புண்ணியவான், பஸ்ஸை மீடியனில் ஏற்றி நிறுத்திவிட்டார். குழந்தைக்கு நெற்றியில் தையல். சம்சாரத்துக்கு முழங்கை எலும்பு விலகிவிட்டது.

குமரேசனும் இன்னொருவரும் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கழற்றிப் பார்த்தேன். ரப்பர் ஒவ்வொன்றும் ஊற வைத்த கொண்டைக்கடலை மாதிரி இருந்தது. "பிரேக்குக்கு இதை ஊத்தக்கூடாதுங்ணா, உள்ள இருக்கறது எல்லாமே போச்சு" என்றேன். குமரேசன் அந்த ரப்பரைக் கையில் வாங்கி வெகுநேரம் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார்:

"தையல் மிசினுக்கு தினோமும் இதையத்தானுங்க ஊத்தறேன். அது ஒரு நாளும் என்னைக் கீழ தள்ளுனதில்லீங்க."

வால்பாறை போய் வந்தவர்

செல்வராஜ் அண்ணன் கட்டிங் மாஸ்டர். துணியில் நூலளவு பிசகினாலும் சத்தம் போடுகிற ஆள். தன் வண்டியில் பிரேக் ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தும் கண்டுகொள்ளவில்லை. "மாத்தோணுமுங்ணா, தண்ணி சேர்ந்துருச்சு" என்றேன். நிறையத்தானே இருக்கிறது, இருக்கிறதை எதற்கு மாற்ற வேண்டும் என்றார். இந்தக் கேள்விக்கு நானும் பலவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். இந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும், ஈரம் சேர்ந்தால் சூட்டில் கொதித்து ஆவியாகும், ஆவி வந்தால் பிரேக் பிடிக்காது. இவ்வளவுதான் விஷயம். கேட்கிறவர் முகத்தில் "இவன் பில் போடப் பார்க்கிறான்" என்று எழுதி ஒட்டியிருக்கும். அதற்கு மேல் எனக்கு வாய் வராது.

ஒரு லீவு நாளில் வீட்டம்மாவை ஏற்றிக்கொண்டு வால்பாறை போயிருக்கிறார்கள். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்தபடியே வந்ததில் ஆயில் கொதித்துவிட்டது. ஒரு கொண்டை ஊசி வளைவில் லீவர் வெண்ணெய் மாதிரி கைக்குள் வந்துவிட்டது, வண்டி நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைச்சுவரிலேயே கொண்டுபோய்ச் சாத்தியிருக்கிறார். அவருக்குச் சிராய்ப்பு. அந்த அம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. ஆயில் ஆறிவிட்டால் பிரேக் பழையபடி பிடிக்கும். அங்கே கூடிய ஆட்கள் லீவரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பிரேக் ஜம்முனு இருக்குதே, நீங்கதான் வேகமா வந்துட்டீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டம்மாவும் அதையே நம்பிவிட்டார். அவர் ஓவர்லாக் டைலர். எலும்பு கூடியும் கை தோளுக்கு மேல் எழவில்லை, மிஷினில் உட்கார்ந்து துணியைத் தள்ள முடியவில்லை. வேலை போய்விட்டது. அண்ணனோடு பேச்சும் நின்றுவிட்டது.

செல்வராஜ் அண்ணன் கடைக்கு வந்து, நான் கேட்காமலேயே லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கறுப்புக் கறுப்பாக ஆயில் இறங்குவதைப் பார்த்தார். "இதைய எங்கூட்ல வந்து ஒருக்கா சொல்றீங்களா?" என்று கேட்டார். போனேன். அந்த அம்மா காப்பி கொடுத்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க சொல்லியும் இவரு மாத்தலைன்னுதானுங்களே நீங்களும் சொல்றீங்க?" என்றார். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஏனுங், அன்னைக்கு நீங்க இன்னொருக்கா அழுத்திச் சொல்லியிருக்கலாமுங்களே."

செருப்பு

மும்தாஜ் அக்கா ஸ்கூட்டரில் முன்னாலும் பின்னாலும் பீஸ் மூட்டை கட்டிக்கொண்டு போவார். கம்பெனியிலிருந்து வெட்டின துணியை வாங்கி, வீடுகளில் தைப்பவர்களுக்குக் கொடுத்து வாங்குகிற வேலை. வீட்டுக்காரர் இவரையும் இரண்டு பெண்களையும் விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனவர். அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்பதை ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் இவர் தெரிந்துகொண்டார்.

வண்டியை வாங்கி நான் சும்மா லீவரை அமுக்கினேன். எதிர்ப்பே இல்லை, காற்றைப் பிடிப்பது போல இருந்தது. பிரேக் பேட் தேய்ந்து, ஆயில் அடியில் போய், பின் பிரேக் ஒயரும் பிரியும் நிலையில் இருந்தது. இவ்வளவு மூட்டையோடு எப்படி நிறுத்தினீர்கள் என்று பதறிக் கேட்டேன். "காலை ஊணித்தானுங்கண்ணா. மெதுவாத்தானே போறேன்" என்றார், ஏதோ எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்பது மாதிரி.

பேட் மாற்றி, ஆயில் மாற்றி, ஒயர் மாற்றினேன். அவரே நின்று லீவரைப் பிடித்தார். நல்ல பலமான பிடி. கடைசியில் லீவர் கல் மாதிரி இறுகியதும் அவர் முகத்தில் ஒரு பயம் வந்தது. இத்தனை நாள் பிரேக் இல்லாமல்தான் பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது போல. நாலு திட்டு திட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் காலைத் தூக்கித் தன் செருப்பின் அடியைக் காட்டினார். குதிகாலில் ஓட்டை.

"பிரேக்குக்காக வரலீங்கண்ணா. செருப்பு தேயறது கட்டுபடியாகலை, அதுக்குத்தான் வந்தேன்."

இரண்டு வார்த்தைத் தமிழ்

பிகாஷ் ஒடிசாக்காரர். சாயப்பட்டறையில் வேலை. பழைய வண்டி ஒன்று வாங்கி என்னிடம் கொண்டுவந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. லீவரில் அவர் கையை வைத்து, மேலே என் கையை வைத்து அமுக்கி "பிடி" என்றேன். கையை எடுத்துவிட்டு "விடு" என்றேன். அவர் தமிழ் படித்தது அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையையும் வைத்துக்கொண்டு என்ன சந்தோஷம்! அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் சும்மாவே கடைக்கு வந்துவிடுவார். யார் வண்டிக்கு ஆயில் மாற்றினாலும் இவர்தான் லீவர் பிடிப்பார். தப்பே வராது. வண்டிக்காரர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அந்தக் காலத்தில்தான் எனக்கு இந்த வேலை லேசாக இருந்தது.

வெளிநாட்டு ஆர்டர் குறைந்தது. பட்டறையில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். அவர் தங்கியிருந்த லைன் வீட்டில் ஒவ்வொரு ரூமாகப் பூட்டு விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிகாஷ் வந்தார். கூட அவர் ஊர்க்காரர் ஒருவர், புதிய முகம். வண்டியை அவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று சைகையில் சொன்னார். பிறகு அந்தப் புதியவர் கையை லீவரில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து, "பிடி... விடு... பிடி... விடு" என்று அவருக்குப் பாடம் எடுத்தார். வண்டியில் அன்றைக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. நானும் கீழே உட்கார்ந்து, வேலை இருப்பது போல நிப்பிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கண்ணைப் பார்த்துவிடுவார்.

எழுந்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். என் கையெல்லாம் ஆயில். அதைப் பொருட்படுத்தாமல், தனக்குத் தெரிந்த தமிழில் விஷயத்தைச் சொன்னார்:

"அண்ணா, திருப்பூர் விடு. ஊர் பிடி."

கிளச்சுக்கும் ஆயில் உண்டு

நம் ஊரில் ஓடும் வண்டிகளில் கிளச்சுக்கு ஒயர்தான். பெரிய வண்டிகள் சிலவற்றில் மட்டும் பிரேக் மாதிரியே கிளச்சுக்கும் ஆயில். எனக்கு அதெல்லாம் படத்தில் பார்த்ததோடு சரி. அப்படி ஒரு வண்டி ஒரு நாள் கடை வாசலில் வந்து நின்றது. கொண்டுவந்தவர் கார்த்தி. பக்கத்து வீதியில் இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளியின் மகன். இருந்த என்று சொல்கிறேன், ஏனென்றால் கம்பெனியை மூடிவிட்டார்கள். மிஷின்களைப் பிரித்து லாரியில் ஏற்றும் சத்தம் ரெண்டு நாளாக என் கடை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

"கிளச் பிடிச்சா கியர் விழ மாட்டீங்குதுங்ணா. மத்தியானம் வண்டிய விலைக்குப் பாக்க ஆளு வருதுங்க" என்றார். எனக்குப் பழக்கமில்லை, சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள் என்றேன். அங்கே போக மனசில்லை, தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்றார். அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து, பயந்து பயந்துதான் செய்தேன். டேங்கில் ஒரு சொட்டுப் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். துணியைப் போர்த்தி, பக்கத்தில் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டேன். கார்த்தி லீவரை அமுக்கினார். ஆயில் கறுப்பாக வந்து, பழுப்பாகி, கடைசியில் வெளுத்தது. நடுவில் ஒரே ஒரு தடவை, "அப்பா காலைல இருந்து கம்பெனி வாசல்லயே உக்காந்திருக்குதுங்ணா. வான்னா வர மாட்டீங்குது" என்றார்.

முடிந்ததும் ஸ்டார்ட் செய்து, கிளச்சைப் பிடித்து, கியரைத் தட்டினார். அழகாக விழுந்தது. போய் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். அவர் போகவில்லை. முதல் கியரில் போட்டபடி, கிளச்சை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வண்டி உறுமிக்கொண்டே நின்றது. கை வலிக்கப் போகிறது என்று நான் பக்கத்தில் போனபோது என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"இதையப் புடிச்சுட்டு இருக்கற வரைக்கும் வண்டி எங்கியுமே போகாதுங்களே அண்ணா."

பழனிச்சாமி அண்ணன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் விளையாட்டாகப் போய்விடும்.

பழனிச்சாமி அண்ணனுக்குச் சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். இங்கே நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார். அவர் மகன் மகேஷ் பிரிண்டிங் பட்டறையில் இருந்தான். பேச்சு குறைவு. வண்டியைக் கொண்டுவந்தால் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கண் சொருகுவான். "ஏம்ப்பா, தூங்கறதில்லையா?" என்றால், ஷிப்ட் முடிந்து அப்படியே அடுத்த ஷிப்ட் ஏறினேன் என்பான். தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். அவன் வண்டிக்கு ஆயில் மாற்றி அனுப்பிய கொஞ்ச நாளில், ஒரு விடியற்காலை, வேலை விட்டு வரும்போது ரோட்டோரம் நின்ற லாரியின் பின்னால் மோதி அங்கேயே முடிந்துவிட்டான்.

எழவு வீட்டுக்குப் போயிருந்தேன். பிரேக் பிடிக்கவில்லையாம், இப்போதுதான் வண்டியை எங்கேயோ ரிப்பேருக்கு விட்டானாம் என்று இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அவர்களுக்கு என்னைத் தெரியாது. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வந்து படுத்தால், நிப்பிளைச் சரியாக இறுக்கினேனா, மூடியைப் போட்டேனா என்று கை தானாக இல்லாத ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டே இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டியை விட்ட அன்று, பழனிச்சாமி அண்ணன் அதை ஒரு குட்டியானை வேனில் ஏற்றி நேராக என் கடைக்குக் கொண்டுவந்தார். கூட யாரும் இல்லை. சண்டை போடப் போகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் வண்டியை இறக்கி வைத்துவிட்டு, "பாத்துச் சொல்லுங்க சாமி. பிரேக் இருந்துச்சா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. உங்களைய ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஹெட்லைட் இல்லை, முன் போர்க் கம்பி வளைந்து சக்கரம் பின்னுக்கு வந்திருந்தது. ஆனால் ஆயில் டப்பா உடையவில்லை. கண்ணாடிக்குள் ஆயில் கோடு வரைக்கும் இருந்தது, நான் ஊற்றிய அதே வெளிர் மஞ்சள். நிப்பிள் இறுக்கமாக இருந்தது, எங்கும் ஒழுகவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, கோணல் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு அவரை லீவரைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். சக்கரம் சட்டென்று நின்றது. இன்னொரு தடவை சுழற்றினேன். இன்னொரு தடவையும் நின்றது.

என் மேல் பழி இல்லை என்று ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். பிரேக் கெட்டுப்போயிருந்தால் அவருக்குத் திட்டுவதற்கு நானாவது இருந்திருப்பேன். இப்போது யாரும் இல்லை. "பிரேக் நல்லா இருந்திருக்குதுங்ணா" என்றேன்.

"அப்பொ எம்பட பையன் புடிக்கவே இல்லீங்களா?"

பொய் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவரிடம் சொல்ல முடியவில்லை. "தூங்கியிருப்பானுங்ணா. கண்ணு அசந்திருக்கும். அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றேன். அவர் லீவரிலிருந்து கையை எடுக்கவில்லை. எதிரே கம்பெனியில் ஷிப்ட் விட்டு ஜனங்கள் வண்டி வண்டியாக வெளியே வந்தார்கள். அத்தனை பேரும் எங்களைக் கடந்து போய், தெரு அடங்கிய பிறகு அவர் சொன்னார்:

"தூங்கட்டுமுங்க. நெம்ப நாளாத் தூக்கமில்லாம இருந்தான்."

*

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: வண்டியை ஓட வைக்கிறவனை ஊரே கும்பிடும், நிற்க வைக்கிறவனை மட்டும் வண்டி நிற்காமல் போன மறுநாள்தான் தேடிக்கொண்டு வரும்.